லேசர் வைத்த பல்லும் தேவகோட்டைச் சாம்பாரும்

இந்தப் பக்கம் உக்காருங்க சார். அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். டோக்கன் எத்தனை உங்களுக்கு? பதினொண்ணா? அப்ப நேரம் கிடக்கு. உள்ள இப்பத்தான் ஏழு போயிருக்கு. ஏழு எங்க ஆளுதான்.

கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீக. உங்களுக்கும் முன்பல்லுதானே? மேல்வரிசை. எப்படித் தெரியும்னு பாக்குறீகளா? அங்க டோக்கன் கொடுக்கிற பிள்ளைகிட்ட பேர் சொன்னீகள்ல, மேலுதடு அசையாமச் சொன்னீக. அது ரெண்டு தடவை திரும்பக் கேட்டுச்சு. எனக்கு ஒரே தடவையில வெளங்கிருச்சு. பதினோரு வருஷம் நானும் அப்படித்தான் பேசுனேன். வேர் சிகிச்சை பண்ணுன பல்லு கருத்துப்போச்சு. அதானே? பயப்படாதீக. அதுக்கு லேசர் இருக்கு. வலியே தெரியாது. எனக்குப் பண்ணியிருக்கு, இங்க பாருங்க. எந்தப் பல்லுன்னு கண்டுபிடிக்க முடியுதா? முடியுதா? ஆமா, அதேதான். பக்கத்துப் பல்லைவிட ஒரு சொட்டு கூட வெள்ளையாப் போச்சு. அது டாக்டரம்மா தப்பில்லை.

ஆனா ஒண்ணு மட்டும் சொல்லுங்க. லேசர் வச்ச ரெண்டு நாளைக்குள்ள உங்களுக்குச் சம்பந்தம் கிம்பந்தம் பேசப் போற சோலி இருக்கா? இல்லையே? இருந்தாத் தள்ளிப்போட்டுருங்க சார். நான் பட்டது போதும்.

எனக்கு ஊரு கல்லல். பேரு பூமிநாதன். இ.பி.யில வீடு வீடாப் போயி ரீடிங் எடுத்துக்கிட்டிருந்தேன். ரிட்டயராகி ரெண்டு வருஷம் ஆச்சு. சம்சாரம் தமயந்தி. ஒரே மக, சுகன்யா. மக ஆஸ்பத்திரி லேப்ல வேலை பாக்குது. ரத்தம் எடுத்துச் சோதிக்கிற வேலை. இருபத்தொம்பது வயசு.

பல்லு போனதே அதாலதான். பிளஸ்டூ முடிச்ச லீவுல ஸ்கூட்டி பழகணும்னுச்சு. நான்தான் பழகிக்கொடுத்தேன். முன்னாடி நின்னுக்கிட்டு, வா, வா, பயப்படாம வான்னேன். வந்துருச்சு. ஹேண்டில்பார் நேரா வாயில. ரத்தத்தைப் பாத்துட்டு புள்ள ஸ்கூட்டியை அப்படியே போட்டுட்டு அலறுன அலறல்ல தெருவே கூடிப்போச்சு. பல்லு ஒடையலை சார். அதான் விசித்திரம். ஆடக்கூட இல்லை. உள்ளுக்குள்ள செத்துப்போச்சுன்னாக. மதுரையில ஒரு டாக்டர் வேர் சிகிச்சை பண்ணி அடைச்சு அனுப்பிட்டாரு. ரெண்டு மாசம் நல்லாத்தான் இருந்துச்சு. பிறகு பழுப்பாச்சு, பிறகு சாம்பலாச்சு, வருஷம் திரும்புறதுக்குள்ள ஊறவச்ச புளி கலருக்கு வந்துருச்சு. உள்ள செத்த ரத்தம் பல்லுல ஊறிப்போயிருமாம். இந்த டாக்டரம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும்.

அன்னையில இருந்து நான் வாயைத் தொறக்கலை. மீசையைக் கொஞ்சம் கீழ இறக்கி விட்டேன். பேசுனா உதட்டோட பேசுறது. சிரிப்பு வந்தா தண்ணி குடிக்கிறது. வீட்ல யாராச்சும் சிரிக்க ஆரம்பிச்சா எந்திரிச்சு மோட்டார் போடப் போயிருவேன். சிரிப்பு தொத்திக்கிரும்ல. பதினோரு வருஷத்துல எங்க வீட்டு மாடித் தொட்டி ஒருநாளும் காலியாக் கிடந்ததில்லை.

அதுல லாபமும் இருந்துச்சு, இல்லைங்கலை. ரீடிங் எடுக்கப் போனா ஒரு பய எதிர்த்துப் பேச மாட்டான். "சார் மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது, பில்லு சரியாத்தான் இருக்கும்"னு உள்ள போயிருவாக. தெருவுல அண்ணன் தம்பிக்குள்ள தகராறுன்னா என்னைத்தான் நடுவுல உக்கார வைப்பாக. நான் கடைசி வரைக்கும் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ரெண்டு தரப்பையும் பாத்துக்கிட்டு இருப்பேன். அவுகளே பயந்துபோயி ராசியாகிப் போயிருவாக. பூமிநாதன் நல்ல முடிவாச் சொன்னாருன்னு ஊருல பேரு.

இந்தப் பேரெல்லாம் இருந்து என்ன செய்ய? மகளுக்கு இடம் அமையலை. ரெண்டு இடம் வந்துச்சு. பொண்ணு பாத்தாக, எல்லாம் நல்லாத்தான் போச்சு, காபியைக் குடிச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாக. ஏன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியலை. நான் ஒரு வார்த்தை தப்பாப் பேசலை சார். ஒரு வார்த்தையே பேசலை.

எனக்கு அது ஒண்ணுதான் குறை. ஒரே புள்ள. எனக்கு அது கல்யாணம் நடந்தாப் போதும், வேற ஒண்ணும் வேண்டாம்னு இருந்தேன். அப்பத்தான் என் மச்சினன் கதிரேசன் இந்த தேவகோட்டை இடத்தைக் கொண்டுவந்தான். பாத்திரக்கடை அருணகிரின்னு கேள்விப்பட்டிருப்பீக. இல்லையா? பெரிய கடை. அவர் மகன் மணிவாசகன், ஐ.டி.ஐ.யில வாத்தியார். பையனும் பொண்ணும் கோயில்ல வச்சுப் பேசுனாக. வீட்டுக்கு வந்த மக சாயங்காலம் பூரா பாட்டு முணுமுணுத்துக்கிட்டே துணி மடிச்சுச்சு. முந்தி வந்த ரெண்டு இடத்துக்கும் துணி மடிச்சுச்சு, பாட்டு இல்லை. நான் கவனிச்சேன்.

பாக்கி ஒண்ணே ஒண்ணுதான், நாங்க மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிக் கை நனைக்கணும். உங்க பக்கமும் உண்டா? அதேதான். வீடு பாக்கப் போறோம். பிடிச்சிருந்தா இலையில உக்காந்து சாப்பிடுறது. பிடிக்கலைன்னா, அவசரமா ஒரு இடத்துக்குப் போகணும்னுட்டுக் காபியோட எந்திரிச்சுர்றது. வேண்டாம்னு ஒருத்தர் மூஞ்சிக்கு நேரா ஒருத்தர் சொல்ல வேண்டியதில்லை. நல்ல வழக்கம்தான்.

அதுக்குப் போறதைப் பத்திப் பேசுறப்ப தமயந்தி சொல்லுறா, "அங்க வந்து இந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு உக்காராதீக. பொண்ணு கொடுக்க வந்தவரா, மீட்டரைக் கழட்ட வந்தவரான்னு அவுகளுக்குச் சந்தேகம் வந்துரும்." எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. சரி, இந்தக் கழுதைப் பல்லை ஒரு வழி பண்ணிர்றதுன்னு யாருக்கும் தெரியாம பஸ் ஏறி இங்க வந்தேன். வந்தா இந்த டாக்டரம்மா. ஹசீனான்னு பேரு, சின்ன வயசு, என் மகளைவிட ரெண்டு மூணு வயசு கூட இருக்கும். எக்ஸ்ரே எடுத்துப் பாத்துட்டு வேரு நல்லா இருக்கு, வெளுக்க வச்சிரலாம்னாக.

என்ன பண்ணுவாகன்னு சொல்லிர்றேன், உங்களுக்கும் பயம் தெளியும். பல்லோட முதுகுப் பக்கம் பழைய அடைப்பைத் தோண்டி எடுத்தாக. மருந்து வேருக்குள்ள இறங்கிராம சிமெண்ட் மாதிரி ஒண்ணை வச்சு மூடுனாக. ஈறு வெந்துராம இருக்க ஒரு நீலப் பசையை அணை கட்டுற மாதிரி சுத்திப் பூசுனாக. பிறகு பல்லுக்கு உள்ளயும் வெளியயும் ஒரு ஜெல். எனக்கு ஒரு கண்ணாடி, அவுகளுக்கு ஒரு கண்ணாடி. பேனா மாதிரி ஒண்ணை எடுத்து லேசரைக் காட்டுனாக. எரிச்சலும் இல்லை, வலியும் இல்லை. நான் கண்ணை மூடிக்கிட்டு மாப்பிள்ளை வீட்ல எப்படிச் சிரிக்கிறதுன்னு நெனச்சுக்கிட்டுக் கிடந்தேன். அப்படி மூணு வாட்டி, வாரம் ஒண்ணு.

கலர் அட்டைன்னு ஒண்ணு காட்டுவாக. வரிசையாப் பல்லு ஒட்டியிருக்கும், பெயிண்டுக் கடை அட்டை கணக்கா. உங்க மத்தப் பல்லுக்கு இந்தக் கலர்தான் சேரும்னு நாலாவதைக் காட்டுனாக. நான் முதல்ல இருந்ததைக் காட்டினேன். "ஐயா, அது ரொம்ப வெள்ளை, தனியாத் தெரியும்"னாக. பதினோரு வருஷம் கறுப்பாத் தனியாத் தெரிஞ்சதும்மா, இனி வெள்ளையாத் தெரியட்டும்னேன். டாக்டரம்மா முதல் கலர் வரைக்கும் போக மாட்டேன்னுட்டாக. கெஞ்சிக் கூத்தாடி ரெண்டாவதுக்கு இறங்கி வந்தாக. வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்சப்ப கடைக்காரன்கூட என்கிட்ட இவ்வளவு தர்க்கம் பண்ணலை.

பல்லு கருத்ததும் வீட்ல யாருக்கும் தெரியாது, வெளுத்ததும் தெரியாது. எப்படித் தெரியும்? நான்தான் வாயைத் தொறக்கிறதில்லையே. சாப்பிடும்போதுகூட உதட்டை மூடி மெல்லுறவன். மாப்பிள்ளை வீட்ல வச்சுப் பட்டுன்னு சிரிச்சு எல்லாரையும் அசத்திப்புடணும்னு இருந்தேன்.

கடைசித் தடவை ஒரு புதன்கிழமை மத்தியானம். முடிச்சுட்டு டாக்டரம்மா, "ரெண்டு நாளைக்கு, வெள்ளைச் சட்டையில பட்டாக் கறை பிடிக்கிற எதையும் வாயில வைக்காதீங்க. இப்பப் பல்லு கறையை இழுக்கும். சாம்பார், ரசம், காபி, டீ, பீட்ரூட், வெத்தலை, மஞ்சள் போட்டது எதுவும் ஆகாது"ன்னாக. பின்ன என்னத்தம்மா திங்கிறதுன்னேன். வெள்ளைச் சோறு, தயிரு, பாலு, இட்லி. சரின்னுட்டேன். நமக்கு என்ன, ஞாயித்துக்கிழமைதான் தேவகோட்டை போறது, நாலு நாள் கிடக்கே.

வீட்டுக்குள்ள காலை வைக்கிறேன், கதிரேசன் போன் பண்ணுறான். "மாமா, ஞாயித்துக்கிழமை கரிநாளாம். நாளைக்கே வரச் சொல்லிட்டாக."

அந்த நிமிஷமே தமயந்திகிட்ட சொல்லியிருக்கலாம். சொல்லலை. அவ கேக்கலையே.

வியாழக்கிழமை போனோம். நான், தமயந்தி, கதிரேசன், என் தங்கச்சி, தங்கச்சி வீட்டுக்காரர், அஞ்சு பேரு. நல்ல வீடு சார். வாசல்ல இருந்தே நான் சிரிச்சுட்டேன். அருணகிரி வாங்கன்னாரு, சிரிச்சேன். அவர் சம்சாரம் தண்ணி கொண்டுவந்தாக, சிரிச்சேன். மாப்பிள்ளைப் பையன் கும்பிட்டான், சிரிச்சேன். தமயந்தி என்னை ஒரு மாதிரியாப் பாத்தா. அவளுக்குப் பல்லு தெரியலை, பக்கத்துல உக்காந்திருந்தா, நான் சிரிக்கிறது மட்டும்தான் தெரிஞ்சுச்சு. "என்னங்க, நல்லா இருக்கீகள்ல?"ன்னு காதுக்குள்ள கேட்டா. அதுக்கும் சிரிச்சேன். சுவத்துல ஒரு படம் மாட்டி மாலை போட்டிருந்துச்சு. அருணகிரி சொன்னாரு, "எங்க அண்ணன். போன வருஷம் லாரி மோதி இறந்துட்டாரு. எனக்கு அப்பா மாதிரி." அதுக்கும் சிரிச்சுட்டேன் சார். நிறுத்த வரலை. பழக்கம் விட்டுப்போச்சா, ஆரம்பிச்சா எங்க நிறுத்துறதுன்னு வாய்க்குத் தெரியலை.

காபி வந்துச்சு. எனக்கு வெறும் பால் கொடுங்கன்னேன். "சர்க்கரை இருக்குதாண்ணே?"ன்னு அந்தம்மா கேட்டாக. சர்க்கரையெல்லாம் இல்லை, பால்தான் பழக்கம்னேன். தமயந்தி திரும்பிப் பாத்தா. காலையில ரெண்டு டம்ளர், சாயங்காலம் ரெண்டு டம்ளர் காபி போட்டுக் கொடுக்கிறவ அவதானே.

பிறகு இலை போட்டாக. இலையைப் பாக்கணுமே. கத்திரிக்காய் பச்சடி, பீட்ரூட் பொரியல், சாம்பார், புளிக்குழம்பு, ரசம், மாங்கா ஊறுகாய். ஒண்ணொண்ணும் மஞ்சளும் செவப்புமாக் கண்ணைப் பறிக்குது. வெள்ளைன்னு சொல்ல சோறும் உப்பும்தான். சாம்பார் வாளி வந்துச்சு. கையை மறிச்சேன். புளிக்குழம்பு வந்துச்சு, மறிச்சேன். ரசத்துக்கும் மறிச்சேன். அருணகிரி எந்திரிச்சு வந்து எனக்கு எதுத்தாப்புல நின்னாரு.

"என்ன, ஒண்ணையும் தொட மாட்டேங்குறீக?"

"தயிர் மட்டும் போதுங்க."

"உடம்புக்கு ஏதும்?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். நீங்களே சொல்லுங்க சார், பொண்ணு கொடுக்கப் போன இடத்துல, அஞ்சு பேரு இலைக்கு முன்னாடி, பல்லை வெளுக்க வச்சிருக்கேன்னு ஒரு ஆம்பளை எப்படிச் சொல்லுவான்? வயித்துக்குச் சரியில்லைன்னேன். ஓமத்தண்ணி கொண்டாரச் சொன்னாரு. அது பழுப்பா இருந்துச்சு, வேண்டாம்னேன். அப்புறம் விரதம்னேன். என்ன விரதம்னாரு. வியாழக்கிழமை விரதம்னேன். எந்தச் சாமிக்குன்னாரு. நான் சிரிச்சேன். அந்தம்மா ஆசையா ஒரு கரண்டி சாம்பாரை, "எங்க கையால ஒரு வாய்"னு ஊத்த வந்தாக. இலைமேல ரெண்டு கையையும் விரிச்சு மூடிக்கிட்டேன். சாம்பார் என் கைமேல விழுந்துச்சு. சூடு. அப்பவும் சிரிச்சேன். கிளம்பும்போது வெத்தலையை மடிச்சு அவர் கையாலேயே நீட்டுனாரு. வாங்கிச் சட்டைப்பையில வச்சுக்கிட்டேன்.

பஸ்ஸுல வீடு வர்ற வரைக்கும் தமயந்தி எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு வந்தா. நான் ஜன்னல் கண்ணாடியில பல்லைப் பாத்துக்கிட்டு வந்தேன். சும்மா சொல்லக்கூடாது, நல்லா வந்திருந்துச்சு.

மறுநாள் கதிரேசன் வந்தான், மூஞ்சி செத்துப்போயி. "மாமா, அவுக யோசிக்கணும்ங்குறாக. பொண்ணோட அப்பாவுக்கு மஞ்சக்காமாலை, பத்தியச் சாப்பாடு சாப்பிடுறாரு, மறைக்கிறாக, குடிக்கிற ஆளா இருப்பாரோன்னு பேச்சு. இன்னொண்ணு, செத்த மனுசன் படத்தைப் பாத்துச் சிரிச்சாராம். ஈரல் கெட்டா மூளைக்கு ஏறும்னு மாப்பிள்ளையோட சித்தப்பா சொல்லுறாராம். அதுபோக, நீங்க கை நனைக்கவும் இல்லையாம்." அது என்ன பேச்சு, நான் தயிர்ச்சோறு சாப்பிட்டேனேன்னேன். "குழம்பைத் தொடலைன்னா அது கணக்குல வராதுன்னு சித்தப்பா சொல்லிட்டாராம்." இலையில அரை மணி நேரம் உக்காந்திருக்கேன், ரெண்டு தடவை சோறு வாங்கியிருக்கேன், கணக்குல வராதாம். இந்த மாதிரிச் சித்தப்பா வீட்டுக்கு ஒருத்தர் இருப்பாரு போல.

தமயந்தி அழுதா. என்ன மனுசன் நீங்க, அந்தப் புள்ள வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டீகளேன்னு. மூணாவது இடமும் போச்சுன்னா அந்தப் புள்ள என்ன ஆகும்? அப்ப யோசிச்சேன். அவுக சந்தேகம் ஈரல் மேல. ஈரல் நல்லா இருக்குன்னு எழுத்துல காட்டிட்டா முடிஞ்சுது. மக லேப்ல எடுத்தாத் தெரிஞ்சுரும்னு சிவகங்கை வரைக்கும் போயி ரத்தம் கொடுத்து, ரிப்போர்ட் வாங்கி, நகல் எடுத்து, தேவகோட்டைக்குப் பதிவுத் தபால்ல அனுப்பினேன். எல்லாம் நார்மல் சார். பூரா நார்மல்.

பதில் கதிரேசன் மூலமா வந்துச்சு. நல்லா இருக்கிற மனுசன் எதுக்கு ஈரலைச் சோதிக்கணும்னு கேக்குறாகளாம்.

சிவகங்கை லேப்காரப் பையன் என் மககூடப் படிச்சவனாம். எனக்கு என்ன தெரியும்? "உங்க அப்பா வந்து லிவர் டெஸ்ட் எடுத்துட்டுப் போனாரு, எல்லாம் நல்லா இருக்கா?"ன்னு போன் போட்டிருக்கான். புள்ள டூட்டியைப் பாதியில விட்டுட்டு ஓடிவந்துச்சு. ரிப்போர்ட்டைப் பிடுங்கிப் பாத்துச்சு, ஒண்ணுக்கு ரெண்டு தடவை. பாத்துட்டு என் பக்கத்துல உக்காந்துச்சு.

"அப்பா, உடம்புக்கு ஒண்ணுமில்லை. அப்ப உங்களுக்கு இந்த இடம் பிடிக்கலை, அப்படித்தானே? இலையில உக்காந்து குழம்பைத் தொடாம வந்தா வேற என்ன அர்த்தம்? எனக்காக நீங்க மனசு கஷ்டப்பட்டு ஒத்துக்கிற வேண்டாம். நானே வேண்டாம்னு சொல்லிர்றேன்."

"அப்படியெல்லாம் இல்லை தாயி"ன்னேன்.

"இல்லப்பா. ஏற்கனவே ஒண்ணு பண்ணிட்டேன். ஸ்கூட்டியை ஏத்துன நாள்ல இருந்து நீங்க என்னைப் பாத்து ஒரு தடவைகூடச் சிரிச்சதில்லை. நான் ஒரு அறையில இருந்தா எந்திரிச்சுப் போயிருவீக. பதினோரு வருஷமாச்சு, உங்க கோவம் இன்னும் தீரலை. கல்யாணத்தையும் உங்களுக்குப் பிடிக்காமப் பண்ணிக்கிட்டேன்னா அதோட என்னைத் தலைமுழுகிருவீக. எனக்கு அது முடியாதுப்பா."

சார், கோவமா? எம்புள்ள மேலயா? இத்தனை வருஷமா இது இப்படியா நெனச்சுக்கிட்டு என்கூடச் சோறு தின்னுக்கிட்டு இருந்துச்சு? எது முதல்ல சொல்லணும்னு தெரியலை. வாயைத் தொறந்து பல்லைக் காட்டினேன். விரலை வச்சுத் தட்டிக் காட்டினேன். பல்லு கருத்துக் கிடந்துச்சு தாயி, லேசர் வச்சேன், ரெண்டு நாளைக்கு மஞ்சள் படக்கூடாதுன்னாக, அதான்னேன்.

புள்ள பல்லைப் பாத்துச்சு. என்னைப் பாத்துச்சு. "இதுக்காப்பா?"ன்னுச்சு. அப்புறம் அழுதுச்சு பாருங்க, அன்னைக்கு ஸ்கூட்டியைப் போட்டுட்டு அழுததுகூட அவ்வளவு இல்லை. எதுக்கு அப்படி அழுதுச்சுன்னு எனக்கு இன்னைக்கும் பிடிபடலை. அட, கலர் அவ்வளவு மோசமாவா இருக்கு?

மறுநாள் காலையில நான் மட்டும் தேவகோட்டை போனேன். கதவைத் தொறந்த அருணகிரி உள்ள வாங்கன்னு சொல்லக்கூட யோசிச்சாரு. நானாப் போயி உக்காந்தேன். "இலை போடுங்க. சாம்பார் இல்லைன்னா பழைய குழம்பு இருந்தாலும் ஊத்துங்க"ன்னேன். டாக்டரம்மா சொன்ன ரெண்டு நாள் அப்ப எப்பவோ முடிஞ்சுபோச்சு, அதனால தைரியமாத்தான் கேட்டேன். உக்காந்து எல்லாத்தையும் சொன்னேன். ஸ்கூட்டி, புளி கலரு, லேசரு, கரிநாள், ஈரல். ஒண்ணு விடலை. வாயைத் தொறந்தும் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுக் குனிஞ்சு பாத்தாரு. பாத்திரத்துல ஓட்டை இருக்கான்னு பாக்குற மாதிரி.

"அது சரி"ன்னாரு. "எங்க அண்ணன் படத்தைப் பாத்து எதுக்குச் சிரிச்சீக?"

"தப்புதான். பதினோரு வருஷம் சிரிக்காம இருந்துட்டேங்க. எங்க சிரிக்கணும், எங்க கூடாதுன்னு மறந்துபோச்சு."

அந்தம்மா முந்தானையை வாயில வச்சு அமுக்கிக்கிட்டு அடுப்படிப் பக்கம் ஓடுனாக. அங்க இருந்து சிரிப்புச் சத்தம் வருது, கரண்டி விழுகுற சத்தம் வருது. அருணகிரி கொஞ்ச நேரம் அடக்கிப் பாத்தாரு. முடியலை. "ஆனாலும் சம்பந்தி, பக்கத்துப் பல்லுக்குத் தோதாப் பாத்து வச்சிருக்கலாம்"னாரு. சம்பந்தின்னுட்டாரு சார்! எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. சாம்பார், ரசம், காபின்னு ஒண்ணு விடாமச் சாப்பிட்டேன், வெத்தலையும் போட்டேன். ஆவணி பதினெட்டு முகூர்த்தம்னு நாளும் குறிச்சாச்சு. அந்தச் சித்தப்பாவையும் கூப்பிட்டு, நான் குழம்பு ஊத்திக்கிட்டதைக் கண்ணால பாக்க வச்சாரு.

வீட்டுக்கு வந்து இதை நடந்தது நடந்தபடி சொல்லுறேன். கரண்டி விழுந்ததைச் சொல்லவும் மக சிரிக்க ஆரம்பிச்சுச்சு. குலுங்கிக் குலுங்கிச் சிரிக்குது. அப்பத்தான் பாத்தேன். சிரிக்கும்போது உள்ளங்கையை விரிச்சு வாயைப் பொத்திக்கிருது. சும்மா வெக்கத்துக்கு விரலை வைக்கிறது இல்லை சார், ஒரு பல்லு வெளிய தெரியாம, மூக்குக்குக் கீழ பூராத்தையும் பொத்துது. சிரிப்பு அடங்குற வரைக்கும் கையை எடுக்கலை. இது எப்ப இருந்துன்னு தமயந்திகிட்டக் கேட்டேன். "காலேஜ் சேந்ததுல இருந்தே அப்படித்தான். இப்பத்தான் பாக்குறீகளா?"ன்னுட்டு உள்ள போயிட்டா.

எனக்கு உடனே வெளங்கிருச்சு, பல்லுல ஏதோ கோளாறு. நாம பட்ட பாட்டை இதுவும் சொல்லாம பட்டுக்கிட்டு இருக்கு. கல்யாணத்துக்கு இன்னும் மூணு வாரம்தான். மணவறையில உக்காந்து வாயைப் பொத்திக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்? "ஒண்ணுமில்லப்பா, விடுங்கப்பா"ன்னுச்சு. ஒண்ணுமில்லாம யாராச்சும் பொத்துவாகளா? வாயைத் தொறந்து காட்டுன்னா காட்டவும் மாட்டேங்குது. அதான் கையோட இங்க கூட்டியாந்துட்டேன். ஏழாம் நம்பர் அதுதான். லேசர் வைக்கணும்னா வச்சிருங்கம்மான்னு டாக்டரம்மாகிட்ட முன்னாடியே சொல்லிட்டேன்.

இருங்க, கதவு தொறக்குது.

என்னம்மா? ஒண்ணுமில்லையா? எல்லாப் பல்லுமா? நல்லாப் பாத்தீகளா, முன்னாடி, மேல்வரிசை? கறை, சொத்தை, எதுவுமே இல்லையா? பின்ன எதுக்கும்மா அது சிரிக்கும்போது பொத்துது? எப்ப இருந்துன்னு கேக்குறீகளா? பதினோரு வருஷம் இருக்கும்மா. அவ அம்மா அப்படித்தான் சொல்லுறா. ஆமா, பதினொண்ணுதான். ஏம்மா?

என்ன சார் இது. டாக்டரம்மா என் வாயையே பாக்குறாக. பின்னாடி நிக்கிற எம்மகளும் என்னையே பாக்குது. என்னை எதுக்குப் பாக்கணும்? எனக்குத்தான் சரியாப் போச்சே.